பாஸ் ஓவர், மை லார்ட்!

சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் காலை பத்தேகால் மணிக்குக் கையை வீசிக்கொண்டு ஓடுகிறவர் கட்சிக்காரர். நெஞ்சோடு அணைத்த கேஸ் கட்டு, தோளில் நழுவும் கவுன், காதுக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கிய செல்போன் என்று ஓடுகிறவர் ஜூனியர். சீனியர் ஓடுவதில்லை. அதற்குத்தான் ஜூனியர் இருக்கிறாரே!

சீனியருக்கு ஒரே நேரத்தில் மூன்று கோர்ட் ஹாலில் கேஸ் வரும். ஒன்றில் அவர் வாதாடுவார். மற்ற இரண்டிலும் நம்மவர் போய் நின்று, "மை லார்ட், சீனியர் வேறு கோர்ட்டில் ஆர்கியூ பண்ணிட்டிருக்கார், பாஸ் ஓவர் ப்ளீஸ்" என்று, கேஸைச் சற்றுப் பின்னால் எடுக்கச் சொல்லிக் குனிந்து நிமிர வேண்டும். ஐந்து வருஷம் சட்டம் படித்து, அகில இந்திய பார் தேர்வும் எழுதியவர் முதல் வருஷம் முழுக்கச் செய்த வாதம் இந்த ஒரு வரிதான். சில நாள் சீனியர் கேன்டீனில் இருப்பார். அது மை லார்டுக்கும் தெரியும். அவரும் ஒரு காலத்தில் ஜூனியராக இருந்தவர்தானே.

சம்பளமா? அந்தப் பேச்சை எடுத்தால் சீனியர் நாற்காலியில் சாய்ந்துகொள்வார். "என் சீனியர் எனக்குக் காலணா கொடுத்ததில்லப்பா. இன்னிக்கு நான் அண்ணா நகர்ல வீடு கட்டலையா?" காலணாவுக்கும் அண்ணா நகருக்கும் நடுவில் வசதியான மாமனார் ஒருவர் இருந்ததை அவர் சொல்லமாட்டார். குமாஸ்தா சொல்வார். அந்தக் குமாஸ்தாவுக்கு மாதச் சம்பளம் உண்டு, கட்சிக்காரர்களிடம் பேட்டா தனி. ஜூனியருக்கு அவ்வப்போது டீ வாங்கிக் கொடுப்பவரும் அவரே. தீபாவளிக்கு மட்டும் சீனியர் சட்டைத் துணி எடுத்துக் கொடுப்பார். வெள்ளைத் துணி, கோர்ட்டுக்கே ஆகும்.

பார் கவுன்சிலில் பதிவு செய்வதற்கே பல ஆயிரம் கட்டியவர் நம்மவர். பொதுப் பிரிவினரிடம் 750 ரூபாய்க்கு மேல் பதிவுக் கட்டணம் வாங்கக் கூடாது என்று 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, அவர் ரசீதைத் தேடி எடுத்து ஒருமுறை பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தார். சாயங்காலத்தில் வேறு வேலை எதற்காவது போகலாமா என்றும் யோசித்தார். பிராக்டிஸ் செய்யும் வக்கீல் முழுநேரச் சம்பள உத்தியோகம் பார்க்கக் கூடாது என்கிறது பார் கவுன்சில் விதி. சம்பளமில்லாத முழுநேர உத்தியோகத்துக்கு விதியில் தடை எதுவும் இல்லை.

ஊரிலிருந்து அப்பா மாதாமாதம் ஜி-பே பண்ணுகிறார். அந்தப் பணத்தில் அறை தேடப் போனால், "வக்கீலா? இப்பத்தான் தம்பி அட்வான்ஸ் வாங்கினோம்" என்று கதவைச் சாத்துகிறார்கள். உள்ளே விட்டால் காலி பண்ண வைக்க முடியாதாம். இந்த நகரத்தில் நம்மவருடைய சட்ட அறிவைப் பரிபூரணமாக நம்புகிறவர்கள் ஹவுஸ் ஓனர்கள் மட்டும்தான்.

2024 ஜூனில் ஒரு வெளிச்சம் வந்தது. ஜூனியரிடம் வேலை வாங்கிக்கொண்டு காசு கொடுக்காமல் இருப்பது சுரண்டல் என்று உயர் நீதிமன்றமே சொல்லிவிட்டது. சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000 ரூபாய், மற்ற ஊர்களில் 15,000 ரூபாய் குறைந்தபட்ச உதவித்தொகை தர வேண்டும் என்று தமிழ்நாடு, புதுச்சேரி பார் கவுன்சில் சுற்றறிக்கையும் விட்டது. சீனியர் அதைச் சத்தமாகப் படித்தார். "ரொம்ப நியாயம்" என்றார். பிறகு, "இதை ஃபைல்ல வைப்பா" என்று ஜூனியரிடமே கொடுத்தார். வைத்தாயிற்று. இனி புகார் கொடுக்க வேண்டியவர் ஜூனியர்; கொடுக்க வேண்டியது சீனியர் மேல். அதற்கு எந்தச் சீனியரைப் போய் வக்கீலாக வைப்பது?

தொழில் படியவில்லை என்று சொன்னால் பொய். எஸ்.ஆர். என்ற தற்காலிக நம்பரோடு கிடக்கும் பேப்பருக்கு எப்படி வழக்கு நம்பர் வாங்குவது, எந்தச் செக்‌ஷனில் எந்தக் குறை சொல்லிக் கட்டைத் திருப்புவார்கள் என்பதெல்லாம் எந்தப் புத்தகத்திலும் கிடையாது. ஆனால் இதைக் கற்று முடிக்கும்வரை ஊரில் ஒருவர் சோற்றுக்கு அனுப்பிக்கொண்டிருக்க வேண்டும். அதே ஆபீசில் இன்னொரு ஜூனியர், அப்பாவும் வக்கீல், காரில் வருகிறார். அவருக்கும் சம்பளம் கிடையாது. அது அவருக்கு இன்னும் தெரியாது என்றே நினைக்கிறேன். மற்ற ஜூனியர்கள் ஒவ்வொருவராகக் கம்பெனி வேலை, டி.என்.பி.எஸ்.சி. என்று நழுவிவிட்டார்கள். சும்மா செய்யும் வேலை வேறு வேலை வாங்கித் தருமா என்றால், தரும். அதுவும் சும்மா செய்யும் வேலையாக இருக்கும். நம்மவர் டிராஃப்டிங்கில் கெட்டிக்காரர் என்று பேர் எடுத்ததும், எதிர் ஆபீஸ் சீனியர் போன் போட்டார்: "அந்தப் பையனை ரெண்டு நாள் அனுப்பி வைங்களேன்."

தம்பு செட்டித் தெரு மாடி ஆபீசுக்கு ஒருநாள் ஒரு செக்யூரிட்டிக்காரர் ஏறி வந்தார். அரசு நிர்ணயித்த கூலியைக்கூட ஏஜென்சி அவருக்குக் கொடுக்கவில்லை. அப்போது அமலில் இருந்த 1948-ஆம் வருஷத்துக் குறைந்தபட்ச ஊதியச் சட்டத்தைப் புரட்டி, மனு முழுவதையும் நம்மவரே எழுதினார். குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே கொடுத்து வேலை வாங்குவது கட்டாய உழைப்பே என்று 1982-ல் ஆசியாட் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதை எடுத்துப்போட்டு, கீழே சொந்தச் சரக்காக ஒரு பாராவும் சேர்த்தார். சீனியர் கண்ணாடியைக் கழற்றினார். "பிரமாதம்ப்பா! அனுபவிச்சு எழுதியிருக்கே."

படி இறங்கும்போது செக்யூரிட்டிக்காரர் கேட்டார். "தம்பிக்கு இங்க எவ்வளவு குடுக்குறாங்க?"

"கத்துக்கிட்டிருக்கேன்யா."

"அதுக்கும் மனு போட வழி இருக்கா தம்பி?"

இத்தனை வருஷத்தில் நம்மவருக்கு வந்த முதல் சொந்தக் கேஸ் சீனியர் கொடுத்ததல்ல, அந்தப் படிக்கட்டுப் பழக்கத்தில் கிடைத்தது. அதே செக்யூரிட்டிக்காரர் ஆறு மாதம் கழித்துத் தன் மச்சானைக் கூட்டிக்கொண்டு நேரே இவரைத் தேடி டீக்கடைக்கு வந்தார். மச்சானுக்கு வீட்டு அட்வான்ஸ் திரும்ப வரவில்லை. வக்கீல் நோட்டீஸ் விட வேண்டும்.

"ஃபீஸ் எவ்வளவுங்க சார்?"

நம்மவருக்கு வியர்த்தது. "பாத்துக் குடுங்க" என்றார்.

பக்கத்தில் டீ ஆற்றிக்கொண்டிருந்த குமாஸ்தா அவரைத் தனியே இழுத்தார். "பாத்துக் குடுங்கன்னா பாத்துட்டுத்தான் போவாங்க தம்பி!" என்றவர், திரும்பி வந்து தானே பேசினார். "நோட்டீஸுக்கு ரெண்டாயிரம். ஆயிரம் இப்ப, ஆயிரம் கையெழுத்து ஆனதும். தபால் செலவு தனி. கிளார்க் ஃபீஸ் தனி."

மச்சான் தலையைச் சொறிந்தார். "கொஞ்சம் குறைச்சுக்கக் கூடாதா சார்?"

பரவாயில்லை என்று சொல்ல நம்மவர் வாயைத் திறந்தார். குமாஸ்தா அவர் காலை மிதித்தார்.