பையில் ஒரு கிராணியார்

மலேசியாவின் பேராக் மாநிலம் முழுவதிலுமிருந்து வந்த கேள்விகளில் இம்முறை கைப்பேசி பற்றியவை மட்டும்.

கே: மகன் நல்ல விலைக்குப் போன் வாங்கிக் கொடுத்தான். பேசுறதுக்கும் வாட்ஸ்அப் பார்க்குறதுக்கும் தவிர வேற எதுக்கும் உதவல. காசு வீண்தானே?
– வாசகி, புந்தோங்

ப: வீணாகவில்லை அம்மா. மகன் போனைக் கொடுத்தார், பாடத்தைக் கொடுக்க மறந்துவிட்டார், அவ்வளவுதான். மருத்துவமனையிலிருந்து மலாயில் கடிதம் வந்தால் என்ன செய்கிறீர்கள்? பக்கத்து வீட்டுப் பிள்ளை பள்ளி விட்டு வரட்டும் என்று காத்திருப்பீர்கள். தோட்டத்தில் இருந்த காலத்தில் இதே மாதிரிக் கடிதத்தோடு தோட்டக் கணக்கரான கிராணியார் வீட்டு வாசலில் நின்றிருப்பீர்கள். அந்தக் கிராணியார் இப்போது உங்கள் கைப்பைக்குள் குடிவந்துவிட்டார். கூகுள் டிரான்ஸ்லேட் செயலியைத் திறந்து, ஒரு பக்கம் மலாய், மறுபக்கம் தமிழ் என்று வையுங்கள். கேமரா படத்தைத் தொட்டு, போனைக் கடிதத்துக்கு மேலே பிடியுங்கள். மலாய் வரிகள் இருந்த இடத்தில் தமிழ் வரிகள் வந்து நிற்கும். எந்த நாள், எத்தனை மணி, எந்தக் கிளினிக் என்று தெரிந்துகொள்ள அது போதும்.

மருந்துக்கு மட்டும் அதை நம்பிவிடாதீர்கள். ‘செபெலும் மாக்கான்’ என்றால் சாப்பாட்டுக்கு முன், ‘செலெபாஸ் மாக்கான்’ என்றால் சாப்பாட்டுக்குப் பின். இயந்திரம் ஒருநாள் தவறினாலும் வயிறுதான் வாங்கிக் கட்டிக்கொள்ளும். மருந்து கொடுப்பவரிடமே கேளுங்கள். சொல்ல வேண்டியது அவர் கடமை.

கே: பேத்திக்குத் தமிழில் எழுத ஆசை. எழுத்தைத் தேடி அடிக்கிறதுக்குள்ள அவ தூங்கிடுறா.
– வாசகர், தெலுக் இந்தான்

ப: தேடவே வேண்டாம் ஐயா, பேசுங்கள். ஆண்ட்ராய்டு போனில் கூகுளின் ஜிபோர்டு விசைப்பலகை இருந்தால், அதன் அமைப்புகளில் மொழியாகத் தமிழைச் சேருங்கள். பிறகு விசைப்பலகையில் இருக்கும் மைக் படத்தைத் தொட்டுப் பேசினால், நீங்கள் பேசப் பேச எழுத்து விழும். கூகுளின் குரல் பட்டியலில் இந்தியா, இலங்கை, சிங்கப்பூர், மலேசியா என்று நான்கு நாட்டுத் தமிழ் உண்டு. நம் நாட்டின் பெயர் போட்டதையே தேர்ந்தெடுங்கள். ‘பசார்’, ‘தாமான்’ என்று நாம் கலந்து பேசும் சொற்களில் அது சில நேரம் தடுமாறும். அதை மட்டும் விரலால் திருத்திக்கொள்ளலாம்.

தட்டித்தான் எழுதுவேன் என்பவர்களுக்குச் செல்லினம் செயலி இருக்கிறது. ஆங்கில எழுத்துகளில் அம்மா என்று ஒலிக்கும்படி தட்டினால் தமிழில் அம்மா வந்துவிடுவார். இதைச் செய்தவர் நம் நாட்டுக்காரர், முத்து நெடுமாறன். 1985-இல் கணினிக்கு முரசு, 2005 பொங்கலன்று சிங்கப்பூரில் கைப்பேசிக்குச் செல்லினம் என்று அவர் வேலை வளர்ந்தது. 2013-இல் ஐ.ஓ.எஸ். 7 வந்தபோது ஐபோனிலேயே அஞ்சல், தமிழ்99 விசைப்பலகைகள் இடம்பிடித்தன. தமிழ்த் தட்டச்சு எங்கோ தூர தேசத்திலிருந்து நமக்கு இறக்குமதியானது என்று நினைக்கும் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லுங்கள். எனக்கு இதில் பெருமை உண்டு, அவர்களுக்கும் வர வேண்டும்.

கே: கல்யாணப் பத்திரிகைன்னு வாட்ஸ்அப்ல ஒரு ஃபைல் வந்துச்சு. தொட்டேன், என்னமோ இன்ஸ்டால் ஆச்சு, பத்திரிகையைக் காணோம். ஆபத்தா?
– வாசகர், சிம்மோர்

ப: ஆபத்துதான் ஐயா. மீதிப் பதிலைப் படிப்பதற்கு முன் போனில் டேட்டாவையும் வைஃபையையும் நிறுத்துங்கள். அடுத்து, வீட்டில் இருக்கும் வேறொரு போனிலிருந்து உங்கள் வங்கியை அழைத்துக் கணக்கை முடக்கச் சொல்லுங்கள். பணம் ஏற்கெனவே போயிருந்தால் உடனே 997. அது 2022 அக்டோபரில் தொடங்கிய தேசிய மோசடி எதிர்வினை மையத்தின் எண். திருடியவன் பணத்தைக் கணக்குவிட்டுக் கணக்கு மாற்றிக்கொண்டே போவான். நீங்கள் எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறீர்களோ, அவ்வளவு தூரம் அவனைத் துரத்திப் பிடிக்க வழியுண்டு. காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள். அதன் பிறகு போலீஸ் புகார்.

என்ன நடந்தது என்றும் சொல்கிறேன். பத்திரிகை என்றால் படமாக வரும், பி.டி.எஃப். ஆக வரும், வீடியோவாக வரும். ‘ஏ.பி.கே.’ என்று முடிகிற ஃபைல் பத்திரிகை இல்லை, அது ஒரு செயலி. உள்ளே நுழைந்ததும் உங்கள் எஸ்.எம்.எஸ். செய்திகளைப் படிக்க அனுமதி கேட்கும். நீங்கள் ‘சரி’ என்று தொட்டதும், வங்கி அனுப்பும் டி.ஏ.சி. என்ற ஒப்புதல் எண் உங்கள் கண்ணில் படுவதற்குள் அவன் கைக்குப் போய்விடும். இந்தத் தொல்லைக்காகத்தான் எஸ்.எம்.எஸ். எண்ணை விட்டு வலுவான வேறு ஒப்புதல் முறைக்கு மாறும்படி மத்திய வங்கியான பேங்க் நெகாரா 2022-இல் வங்கிகளிடம் சொன்னது.

போனைச் சுத்தம் செய்த பிறகு ஒரு வேலை பாக்கி. அமைப்புகளில் ‘தெரியாத செயலிகளை இன்ஸ்டால் செய்தல்’ என்ற பகுதிக்குப் போய், வாட்ஸ்அப்புக்கு எதிரே இருக்கும் பொத்தானை அணைத்துவிடுங்கள். அதோடு, முன்பின் தெரியாத ஆளுக்குப் பணம் போடும் முன் அவர் கணக்கு எண்ணைப் போலீசின் ‘செமாக் மியூல்’ தளத்தில் தட்டிப் பாருங்கள். ஏற்கெனவே புகார் பதிவான கணக்கு என்றால் காட்டிக்கொடுத்துவிடும்.

நீங்கள் கேட்டு எழுதியதற்கு நன்றி. ஏமாந்தவர்கள் வெட்கப்பட்டு வாயை மூடிக்கொள்வதுதான் திருடனுக்குப் பெரிய உதவி.

கே: போன் எப்பவும் ‘இடமில்லை’ங்குது. நான் ஒரு படம்கூட எடுக்கிறதில்லையே!
– வாசகி, பீடோர்

ப: நீங்கள் எடுக்கவில்லை அம்மா, வாங்கிக்கொண்டே இருக்கிறீர்கள். காலை வணக்க ரோஜாக்கள் அத்தனையும் உள்ளேதான் பூத்துக் கிடக்கின்றன. வாட்ஸ்அப் அமைப்புகளில் சேமிப்பிடப் பகுதியைத் திறந்தால், பலமுறை பகிரப்பட்டவை தனியாக, 5 எம்.பி.க்கு மேற்பட்டவை தனியாக வரிசைகட்டி நிற்கும். பார்த்து அழியுங்கள். அங்கேயே தானாகப் பதிவிறக்கும் வசதியையும் நிறுத்திவிட்டால், நீங்கள் தொட்ட படம் மட்டுமே உள்ளே வரும்.

கே: நாங்க இன்னும் தோட்டத்து உள்ளாற இருக்கோம். சுத்தி செம்பனை. பழைய போன்ல பேச முடியுது, இன்டர்நெட் நகரவே மாட்டேங்குது.
– வாசகர், சுங்கை சிப்புட்

ப: போனின் வயதைப் பாருங்கள் தம்பி. 2021 முடிவோடு நாட்டில் 3ஜி சேவையை நிறுத்திவிட்டார்கள். 3ஜி வரை மட்டும் தெரிந்த போன் இப்போது 2ஜிக்கு இறங்கித்தான் வேலை செய்யும். அதில் பேசலாம், படம் பார்க்க முடியாது. விலை குறைந்த 4ஜி போன் ஒன்று வாங்கினாலே பாதிக் கவலை தீரும். வாங்கும்போது 4ஜி வழியாகவே அழைக்கும் ‘வோல்டி’ வசதி இருக்கிறதா என்று கேளுங்கள். வீட்டில் வைஃபை இருந்தால் ‘வைஃபை காலிங்’கைத் திறந்துவிடுங்கள், கோபுரம் எட்டாத அறைக்குள்ளும் அழைப்பு வரும். டவுனுக்குப் போகும் நாளில் கூகுள் மேப்ஸில் உங்கள் வட்டார வரைபடத்தையும் டிரான்ஸ்லேட்டில் மலாய், தமிழ் மொழிக் கோப்புகளையும் இறக்கி வைத்துக்கொண்டால், அவை இணையம் இல்லாமலே உதவும்.

கே: தனியா இருக்கேன். ராத்திரி மயக்கம் வந்தா நம்பர் தேடி அழுத்த முடியுமா?
– வாசகி, ஈப்போ

ப: தேடாமலே அழுத்தலாம் அம்மா. இப்போதைய ஆண்ட்ராய்டு போன்கள் பலவற்றில் பவர் பட்டனை வேகமாக ஐந்து முறை அழுத்தினால் அவசர அழைப்பு தொடங்கும். எந்த எண்ணுக்குப் போக வேண்டும் என்பதை முன்கூட்டியே வைத்துக்கொள்ள வேண்டும். 999-ஆகவும் இருக்கலாம், மகளாகவும் இருக்கலாம். ஐபோனிலும் அவசர அழைப்பு வசதி உண்டு. இதைவிட முக்கியமான இன்னொன்று, ‘அவசரகாலத் தகவல்’ பகுதியில் உங்கள் இரத்த வகை, ஒவ்வாத மருந்து, சாப்பிடும் மாத்திரை, பிள்ளையின் எண் ஆகியவற்றை எழுதி வைப்பது. பூட்டிய திரையிலிருந்தே அதைத் திறக்கலாம் என்பதால், உதவிக்கு வருபவருக்கு உங்கள் ரகசிய எண் தேவைப்படாது. இந்த வாரக் கடைசியில் பிள்ளைகள் யார் வந்தாலும் முதலில் இதைச் செய்து கொடுக்கச் சொல்லுங்கள். தண்ணீரெல்லாம் அப்புறம் கொடுக்கலாம்.

கே: அப்பா பிறந்த தோட்டம் இப்ப தாமான் ஆயிடுச்சு. லயமும் இல்ல, பால் மரமும் இல்ல. போன்ல அந்த இடத்தைக் கண்டுபிடிக்க முடியுமா? வீட்டுல பழைய படம் சிலதும் இருக்கு, மங்கிப் போச்சு.
– வாசகர், மெங்ளம்பு

ப: முடியும் தம்பி. முதலில் பள்ளியைத் தேடுங்கள். தோட்டம் கைமாறினாலும் மரம் மாறினாலும் தமிழ்ப்பள்ளி பல இடங்களில் தோட்டத்தின் பெயரை விடாமல் வைத்திருக்கிறது. சுங்கை சிப்புட்டில் எல்பில், டோவன்பி பள்ளிகளின் பெயரில் ‘லாடாங்’, அதாவது தோட்டம், இன்னும் நிற்கிறது. 1948 ஜூன் 16 அன்று தோட்ட நிர்வாகியான துரை சுடப்பட்டு, நாட்டில் அவசரகாலம் பிறக்கக் காரணமான அதே எல்பில்தான். பள்ளி இல்லையென்றால் கோவிலைத் தேடுங்கள். இடம் அகப்பட்டதும் அதன்மேல் விரலை அழுத்திப் பிடித்து, தோட்டத்தின் பழைய பெயரோடு சேமித்து, குடும்பக் குழுவில் போடுங்கள். கூகுள் எர்த்தில் பழைய செயற்கைக்கோள் படங்களும் உண்டு. அதன் டைம்லாப்ஸ் 1984 வரை பின்னால் போகும். பச்சை நிலம் எந்த ஆண்டு வாக்கில் கூரைகளாக மாறியது என்று அப்பாவோடு உட்கார்ந்து பாருங்கள்.

படங்களுக்குக் கூகுளின் ஃபோட்டோஸ்கேன் நல்லது. படத்தைச் சட்டத்திலிருந்து எடுத்து, ஜன்னலோர மேசையில் வையுங்கள். ஒருமுறை எடுத்ததும் திரையில் நான்கு வட்டங்கள் தோன்றும். போனைச் சாய்க்காமல் ஒவ்வொரு வட்டத்தின் மேலும் நகர்த்தினால், ஐந்து படங்களையும் சேர்த்துப் பளபளப்பை நீக்கி, கோணலை நேராக்கித் தரும். மங்கிய நிறத்தைப் பிறகு கூட்டிக்கொள்ளலாம். ஆனால் முகத்தைப் ‘புதுப்பிக்கும்’ செயற்கை நுண்ணறிவுச் செயலிகளிடம் மட்டும் படத்தைக் கொடுக்காதீர்கள். தெரியாத மூக்கையும் கண்ணையும் அது தானாக வரைந்துவிடும். தாத்தா வேறு யாரோ ஆகிவிடுவார்.

கே: பாட்டி பால் வெட்டுன கதையெல்லாம் சொல்றாங்க. போன்ல பதிவு பண்ணா தெளிவா வருமா?
– கல்லூரி மாணவி, பாகான் செராய்

ப: நன்றாகவே வரும்மா. முதலில் பாட்டியிடம் சொல்லி அனுமதி வாங்கு. தொலைக்காட்சியையும் தலைக்கு மேல் சுற்றும் காற்றாடியையும் நிறுத்து. காதுக்குத் தெரியாத காற்றாடிச் சத்தம் பதிவில் புயலாகக் கேட்கும். போனை வெறும் மேசையில் வைக்காமல் மடித்த துண்டின் மேல் வை, விமானப் பயன்முறையில் போடு. ‘உங்க வாழ்க்கையைச் சொல்லுங்க’ என்று கேட்டால் ‘என்னத்தைச் சொல்ல’ என்பதோடு முடிந்துவிடும். பிரட்டுக்கு (காலை ஆள்கணக்குக்கு) எத்தனை மணிக்குப் போனீர்கள், மழை பெய்தால் அன்றைய சம்பளம் என்னாகும், ஆயாக் கொட்டகையில் அம்மாவை யார் பார்த்துக்கொண்டார்கள், மண்டோர் திட்டினால் என்ன பதில் சொல்வீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேள். நடுவில் குறுக்கிடாதே, மௌனமாக இருந்தாலும் காத்திரு. அரை மணி நேரத்துக்கு மேல் இழுக்காமல் மறுநாள் தொடரலாம்.

முடிந்ததும் ‘புதிய பதிவு 7’ என்று விட்டுவிடாமல், பாட்டியின் பெயர், தோட்டத்தின் பெயர், தேதி மூன்றையும் கோப்புக்குப் பெயராக வை. ஒரு பிரதி கூகுள் டிரைவில், இன்னொன்று மாமா வீட்டுக் கணினியில். ஒரு மணி நேரப் பேச்சு நீ எடுக்கும் சில நிமிட வீடியோவைவிடக் குறைந்த இடத்தைத்தான் பிடிக்கும், அதனால் இடமில்லை என்று சொல்லி எதையும் அழித்துவிடாதே.