காரை உள்ளவன் பாக்கியவான்

ஸ்காபரோவில் ஒரு பிள்ளை பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கிறது என்றால் அது அந்த வீட்டு விஷயம் மட்டும் அல்ல. தமிழ்க்கடையில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டு நிற்பவருக்கும் அதில் ஒரு கருத்து இருக்கும்.

அண்ணரின் மகள், "நான் டென்டல் ஹைஜீனிஸ்ட்டுக்குப் படிக்கப் போறன்" என்றாள். "ஏன், டென்டிஸ்ட்டுக்கு மாக்ஸ் காணாதோ?" என்று எல்லாரும் கேட்டார்கள். காணும் என்று அவள் சொன்னது இன்னும் மோசம். மாக்ஸ் இருந்தும் டொக்டருக்குப் படிக்காத பிள்ளையை, துறவறம் பூண்ட பிள்ளையைப் போலத்தான் எங்கள் சனம் பார்க்கும்.

"ஆற்றையோ பல்லூத்தை எடுக்கவோ உன்னை வளர்த்தனான்?" என்று அண்ணி மூக்கைச் சிந்தினார்.

நான் சரித்திரத்தோடு சமாதானத்துக்குப் போனேன். அமெரிக்காவின் பிரிட்ஜ்போர்ட்டில் அல்பிரட் ஃபோன்ஸ் என்ற பல் வைத்தியர், 1906இல் தன் உதவியாளரும் ஒன்றுவிட்ட சகோதரியுமான ஐரீன் நியூமனுக்கு இந்தத் தொழிலைப் பழக்கினார். 1913இல் தன் வீட்டுக் கராஜிலேயே இதற்கென்று பள்ளியும் தொடங்கினார்.

"கராஜிலயோ?" என்றார் அண்ணி. பேஸ்மென்ட் டியூஷனில் பிள்ளைகளைக் கரைசேர்த்த குடும்பம் எங்களுடையது. கராஜை இளக்காரம் பண்ண எங்களுக்கு என்ன தகுதி?

கடைசியில் அண்ணியை மடக்கியது சரித்திரம் இல்லை, சட்டம். ஒன்ராறியோவில் 2007இலிருந்து, பதிவுபெற்ற ஹைஜீனிஸ்ட் உரிய அனுமதி எடுத்தால் பல் வைத்தியரின் உத்தரவை எதிர்பாராமல் பல் சுத்தம் செய்யலாம். சொந்தக் கிளினிக்கும் திறக்கலாம். "சொந்தமாவோ?" என்று அண்ணி மூக்கைத் துடைத்தார். சொந்தக் கடை என்றால் எங்கள் சனத்துக்கு எல்லாம் சம்மதம்.

இனிக் கல்லூரி. அண்ணர் கணக்காளர், எக்செல் தாள் போட்டார். அரசாங்கக் கல்லூரி என்றால் மூன்று வருஷம். தனியார் இடங்களில் கெதியில் முடியும், காசும் கெதியில் முடியும். ரொறன்ரோ ஏரிக்கரையில் ஜோர்ஜ் பிரவுண், ஒஷாவாவில் டர்ஹாம். "ஸ்நோ கொட்டினால் 401 ஹைவேயில ஆர் ஓடுறது?" தூரம், கட்டணம், பார்க்கிங் எல்லாவற்றுக்கும் நிரல் இருந்தது. 'வேறு தமிழ்ப் பிள்ளைகள் படிக்கிறார்களா' என்றும் ஒன்று. அதற்கு ஆம் என்றால் புள்ளி கூடுமா குறையுமா என்பதில் புருஷனுக்கும் பெண்சாதிக்கும் இன்றுவரை உடன்பாடு இல்லை.

அங்கீகாரத்துக்கு மட்டும் நிரல் இல்லை. அதைப் பெறாமகள்தான் சேர்த்தாள். கனடிய பல் மருத்துவக் கல்வி அங்கீகார ஆணையம் ஏற்காத இடத்தில் படித்தால், தேசியப் பரீட்சை எழுதுவதோடு விடமாட்டார்கள். கைவேலையையும் தனியாகச் சோதிப்பார்கள். அதற்குப் பிறகு அண்ணரின் தாளில் பாதி வரிகள் அழிந்தன.

கல்லூரிகளில் அவள் கேட்ட கேள்வி வேறு. "பழகிற கிளினிக்குக்கு நோயாளியை ஆர் பிடிக்கிறது?" பல இடங்களில் மாணவர்தான் பிடிக்கவேண்டும். அதுவும் எந்த வாயும் உதவாது. லேசான பற்காரை, நடுத்தரம், கனத்த காரை என்று வகைவகையாக வேண்டும். சொல்லிக்கொண்டே என்னைப் பார்த்தாள். பிளேன்டீயும் வெற்றிலையும் பாவித்த வாய் இது.

"சித்தப்பா, ஒருக்கா ஆவெண்டுங்கோ."

அவளுடைய இரண்டாம் வருஷம், கல்லூரிக் கிளினிக் கதிரையில் மூன்று மணித்தியாலம் கிடந்தேன். ஒரு பல்லுக்கு ஆறு இடத்தில் அளவுகோல் முரசுக்குள் இறங்கும். மூன்று மில்லிமீற்றருக்குள் நின்றால் நல்லது. நாலு, அஞ்சு என்றால் முரசு பல்லை விட்டு விலகுகிறது. "மூண்டு, ரெண்டு, மூண்டு, அஞ்சு" என்று அவள் ஏலம் கூறுவதுபோல் சொல்ல, கூட்டாளி எழுதினாள். மேற்பார்வை அம்மா வந்து, கீழ் முன்பற்களின் உட்பக்கத்தைக் கண்ணாடியால் பார்த்தார். உமிழ்நீர் வந்து ஊறும் இடம் அது. காரை முதலில் குடியேறுவதும் அங்கேதான். "அருமை!" என்று மற்ற மாணவிகளையும் கூப்பிட்டுக் காட்டினார். என் வாழ்க்கையில் ஒரு ஆசிரியை என்னை அப்படிப் புகழ்ந்ததே இல்லை.

செய்தி கேட்டு அண்ணரும் புதுச் சேட்டுப் போட்டுக்கொண்டு போனார். தினமும் நூல்விட்டுப் பல் சுத்தம் செய்கிற மனிதர். "அப்பா, உங்கட வாயில ஒண்டுமே இல்லை" என்று மகள் திருப்பி அனுப்பிவிட்டாள். அண்ணர் இப்போது என்னோடு அவ்வளவாகக் கதைப்பதில்லை.