பதினோராம் மாப்பிள்ளை

கல்முனை தொட்டு அக்கரைப்பற்று வரை எங்கட ஊர்களில் பெண் வீட்டார்தான் வீடு கட்டிக் கொடுப்பார்கள். மாப்பிள்ளை வந்து குடியேறுவார். ஆகவே விண்டோஸ் 11 கேட்டவற்றை வாசித்தபோது எனக்கு எதுவும் புதிதாகத் தெரியவில்லை. 4 ஜிபி ரேம், 64 ஜிபி இடம், செக்யூர் பூட், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு, இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறைக்குக் குறையாத ப்ரொசெசர். கலியாணத் தரகர்கூட இவ்வளவு விலாவாரியாகக் கேட்கமாட்டார்.

ராத்தாவின் கொம்பியூட்டர் ஆறாம் தலைமுறை. அதில் குடியிருப்பவர் விண்டோஸ் 10. அவர் வந்த 2015இலேயே மைக்ரோசொப்ட் ஊழியர் ஒருவர் மேடையேறி, இதுதான் கடைசி விண்டோஸ் என்றார். இனி மாப்பிள்ளை தேடும் வேலை இல்லையென்று நாங்களும் இருந்துவிட்டோம். 2021 ஒக்டோபரில் பதினொன்று வந்தது. 2025 ஒக்டோபர் 14உடன் பத்துக்கான வழமையான ஆதரவு முடிந்தது. ஆள் மௌத்தாகவில்லை. காலையில் எழும்புகிறார், பிரிண்ட் அடிக்கிறார். கதவுப் பூட்டில் ஓட்டை கண்டால் அடைக்கத்தான் இனி எவரும் வரமாட்டார்கள்.

2026 ஒக்டோபர் 13 வரை தவணை கிடைக்கும் என்றார்கள். செட்டிங்ஸை மைக்ரோசொப்ட் கணக்கோடு இணைத்து வைத்தால் இலவசம். இல்லையென்றால் 30 டொலர், ஏறக்குறைய 9,000 ரூபா.

"ஓடுற மெஷினுக்கு என்னத்துக்கு மகன் சல்லி?" என்றார் வாப்பா.

கொம்பியூட்டர் கடைத் தம்பி வேறு சம்பந்தம் கொண்டுவந்தான். "லினக்ஸ் மின்ட் போடுவம் காக்கா. சல்லியும் வேணாம், பழைய மெஷின்லயும் ஓடும்."

சீதனமே கேட்காத மாப்பிள்ளை! ராத்தாவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. "ஒண்டும் கேக்காம வாறாரெண்டா என்னமோ குறை இரிக்கி."

குறை அவரிடம் இல்லை. வீட்டில் மாமி இருந்தார். ராத்தா கலியாணக் கார்ட் அடிப்பது பாமினி எழுத்துருவில், பேஜ்மேக்கர் 7இல். 2001இல் வந்த அதற்குப் பிறகு பேஜ்மேக்கரில் புதிய பதிப்பே இல்லை. பெற்றவர்களே கைவிட்ட பிறகும் மாமி அசையவில்லை. லினக்ஸோடு அவருக்கு நேரடியாக ஒத்துவராது. பத்தோடு எப்படியோ சமாளித்துக்கொள்கிறார்.

கடைசியில் பேங்க் வேலைகளைப் போனுக்கு மாற்றிவிட்டு, கொம்பியூட்டரின் இணைய வயரைக் கழற்றினோம். வாடிக்கையாளர்கள் பென்ட்ரைவில் கொண்டுவருவதை ராத்தா முதலில் என் லெப்டொப்பில் செருகி வைரஸ் பார்க்கிறார். மாமி வீட்டுக்குள் நுழைய முன் எல்லாரையும் விசாரிக்க வேண்டுமாம். என் லெப்டொப்பை யார் விசாரிப்பது என்று கேட்டேன். "அது ஆம்பிளப் பிள்ளட சாமான், பறவாயில்ல" என்றார்.