கூண்டுக்கு முன்னால நிக்கப்போற பேராண்டிக்கு

எலே பேராண்டி, நீ கிரிமினல் வக்கீலாகப் போறேன்னு உங்க ஆச்சி தெருத்தெருவா சொல்லிக்கிட்டுத் திரியுதா. நல்ல தொழில்தான். நம்ம வம்சத்துல கூண்டுக்குள்ள நின்னவன் உண்டு, கூண்டுக்கு முன்னால நின்னு பேசுனவன் இல்ல.

பன்னெண்டாவது முடிச்சுச் சட்டம் படிக்கப் போனா அஞ்சு வருசம், டிகிரிக்கு மேல போனா மூணு வருசம். அப்புறம் பார் கவுன்சில்ல பேரு பதியணும். சட்டத்துல எழுதுன கட்டணம் 750 ரூவா. ஆனா ஊருக்கு ஊரு ஆயிரக்கணக்குல கறந்தாங்க. 2024ல சுப்ரீம் கோர்ட் தலையிட்டு, எழுதுனதுக்கு மேல வாங்காதீங்கன்னுது. சட்டத்தை மீறுறவனைத் தேடி நீ ரொம்பத் தூரம் போக வேண்டாம் போல. அடுத்து அகில இந்திய பார் தேர்வு. உரை, குறிப்பு இல்லாத சட்டப் புத்தகத்தைப் பக்கத்துல வச்சுப் பாத்தே எழுதலாம். பாத்து எழுதியும் கோட்டை விடுற மகராசனுக இருக்கானுவ.

சீனியர்கிட்ட சம்பளம் கிடைக்குமான்னு கேக்கியா? ஜூனியருக்கு நகரத்துல 20,000, கிராமப்பக்கம் 15,000 குடுங்கன்னு இந்திய பார் கவுன்சில் 2024ல சொல்லியிருக்கு. சொல்லியிருக்கு.

அதே வருசம் ஜூலை 1ல சட்டமும் மாறிப்போச்சு. கொலைக்கு இருந்த 302 இப்ப 103. மோசடிக்கு இருந்த 420 இப்ப 318. எவனையாவது 318னு திட்டிப் பாரு, திட்டு வாங்குறவன் சிரிச்சுக்கிட்டே போவான். ஜூலை 1க்கு முந்தி நடந்த குத்தத்துக்குப் பழைய தண்டனைச் சட்டந்தான். ஆக ரெண்டையும் நெட்டுரு போடணும், ஒரே சம்பளத்துக்கு. அந்தச் சம்பளத்தைப் பத்தித்தான் மேல சொன்னேனே.

சினிமாவுல மேசையைத் தட்டிக் கத்துதான்லா, அதை மறந்துரு. நெசமான வேலை காலண்டர்ல இருக்கு. ஆளை ரிமாண்ட் பண்ணுன நாளையும் சேத்து எண்ணு. குத்தத்தைப் பொறுத்து 60 நாளோ, தூக்கு, ஆயுள், இல்ல பத்து வருசத்துக்குக் கொறையாத தண்டனைன்னா 90 நாளோ கெடு. அதுக்குள்ள சார்ஜ் ஷீட் வரலைன்னா ஜாமீன் உரிமையாயிரும், தயவு இல்ல. ஆனா மனு போடணும், அதுவும் போலீஸ் சார்ஜ் ஷீட்டைப் போடுறதுக்கு முன்னாடி போடணும். 61ஆம் நாள் கோர்ட் வாசல்ல யாரு முந்துறாங்கிறதுதான் கேஸு. நீ பத்து மணிக்குக் கண்ணு முழிக்கிற ஆளு. உன் கட்சிக்காரனைப் பத்தி இப்பவே எனக்குக் கவலையா இருக்கு.

குறுக்கு விசாரணைக்கு வா. போலீஸ்ல சொல்லாத ஒரு விசயத்தைச் சாட்சி கூண்டுல புதுசா அவுத்து விட்டான்னா, அதைச் சுட்டிக்காட்டி வச்சுக்கோ. புலன் விசாரணை பண்ணுன இன்ஸ்பெக்டர் ஏறும்போது, ‘இப்படி ஒங்ககிட்ட சொன்னாரா?’ன்னு கேளு. ‘சொல்லலை’ம்பாரு. அம்புட்டுத்தான், உக்காந்துரு. எனக்கு வாதாடுன புண்ணியவான் உக்கார மாட்டேன்னுட்டாரு. சாட்சி நல்லாத் தடுமாறிக்கிட்டு நின்னான். இவரு கூடுதலா ஒண்ணு கேட்டாரு: ‘கும்மிருட்டுல இவருதான்னு எப்படிய்யா கண்டுபிடிச்சே?’ அவன் சொன்னான்: ‘இருமுனாருங்கய்யா. அந்த இருமல் எட்டு ஊருக்கும் தெரியுமே.’ கோர்ட்டே சிரிச்சுது. நானும் அடக்க முடியாம சிரிச்சேன், சிரிப்போட இருமலும் வந்துட்டு. அப்புறம் பாளையங்கோட்டையில களி.

குத்தம் செஞ்சவனுக்கு எப்படித் தாத்தா பேசுறதுன்னு தயங்காத. கோயம்புத்தூர்ல வக்கீலுகளுக்கும் போலீசுக்கும் தகராறு வந்து, அந்தக் கேஸுல மாட்டுன போலீஸ்காரங்களுக்கு எவனும் ஆஜராகக் கூடாதுன்னு வக்கீல் சங்கத்துல தீர்மானம் போட்டாங்க. அந்த மாதிரி தீர்மானமே செல்லாதுன்னு 2010ல சுப்ரீம் கோர்ட் அடிச்சுச் சொல்லிட்டு. கேஸு போடுற ஆளுக்கே வக்கீல் தேவைப்படுது பாத்தியா? எப்பேர்ப்பட்ட சந்தை!

பீஸை மட்டும் தீர்ப்புக்கு முந்தியே வாங்கிரு. விடுதலையான மறுநாள் கட்சிக்காரன், ‘நாந்தான் ஒண்ணுமே செய்யலையே, எதுக்குப் பணம்?’ம்பான். ஆனா பீஸெல்லாம் வெளியாளுகிட்ட மட்டும் கேளு. தாத்தாவுக்கு வரப்புத் தகராறுல இன்னொரு கேஸு நிக்கு, அடுத்த வாரம் வாய்தா. இருமலைப் பத்தி மட்டும் எவனையும் கேட்டுறாத.