வன்னியம்பட்டி வட்டாரத்தில் மோட்டார் மெக்கானிக் வரும் காலம்: ஓர் ஆய்வு

போர் மோட்டார் நின்றுபோன வீட்டுக்கு மெக்கானிக் எப்போது வருவார் என்னும் வினா தமிழாய்வுலகில் இதுவரை உரிய கவனம் பெறவில்லை. சங்க இலக்கியத்தில் பறவைகளை எண்ணினார்கள், மீன்களை எண்ணினார்கள். மேல்தொட்டியில் தண்ணீர் இல்லாத வீடுகளை எண்ணியவர் இல்லை. இக்குறையைப் போக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். ஆய்வெல்லை வன்னியம்பட்டியும் சுற்றுப்பட்டிகளும். ஒரு கை ஸ்ரீவில்லிபுத்தூரிலும் மறு கை ராஜபாளையத்திலும் இருக்கும் பூமி. முதன்மைச் சான்றுகள் டீக்கடை பெஞ்சிலும், துணைமைச் சான்றுகள் செல்போன் உரையாடல்களிலும் திரட்டப்பட்டன.

முன்னோர் ஆய்வுகளில் முதலிடம் தொல்காப்பியருக்கே. முல்லைக்கு உரிப்பொருள் இருத்தல், சிறுபொழுது மாலை, பெரும்பொழுது கார். அதாவது, வருவேன் என்று சொல்லிப் போனவரை எதிர்பார்த்துச் சாயங்கால வேளையில் ஒருவர் வாசலில் இருப்பது. “சாயங்காலம் வந்துர்றேன் அண்ணாச்சி” என்று போனில் சொல்லும் மெக்கானிக் இலக்கணம் வழுவாமல்தான் பேசுகிறார். இரண்டாம் நாள் இந்த இருத்தல் நெய்தலின் இரங்கலாகிறது. மூன்றாம் நாள் மருதத்தின் ஊடலாகி, “இனி ஒங்கிட்ட வேலையே கெடையாதுப்பா” என்று முடிகிறது. உரிப்பொருள் மயங்காது என்பர் இலக்கண நூலார். அவர்கள் வீட்டில் சப்மெர்சிபிள் இருந்ததில்லை. இன்னொன்றும் உண்டு. முல்லைத் தலைவன் கார்காலத்தில் வந்து சேர்ந்தால் தலைவிக்கு மகிழ்ச்சி. மெக்கானிக் அப்போது வந்தால் வரப்பு வரைக்கும் மழைத்தண்ணீர் நிற்கும். “இப்ப என்ன அவசரம், தை பொறக்கட்டும்” என்று தோட்டக்காரரே திருப்பி அனுப்பிவிடுவார்.

மேல்நாட்டார் ஆய்வும் நோக்கத்தக்கது. டென்மார்க்கின் எர்லாங் என்பவர் கோபன்ஹேகன் தொலைபேசி அழைப்புகளை ஆராய்ந்து 1909-இல் வெளியிட்ட கட்டுரையிலிருந்து வரிசைக் கோட்பாடு என்றொரு துறையே கிளைத்தது. ஒருவர் அழைப்பதற்கும் இன்னொருவர் அழைப்பதற்கும் தொடர்பில்லை என்பது அவர் கணக்கின் அடிப்படை. வன்னியம்பட்டியில் அந்த அடிப்படை நிற்காது. மும்முனை மின்சாரத்தில் ஒரு முனை போய்விட்டால், ஓடிக்கொண்டிருக்கும் மோட்டார் மற்ற இரண்டிலிருந்தும் கூடுதலாகக் கரண்ட் இழுக்கும். வைண்டிங் சூடேறிக் கருகும். இதைத் தடுக்கப் பெட்டிக்குள் ஒரு பிரிவென்டர் உண்டு. “சும்மா சும்மா ட்ரிப் ஆகுது” என்று அதைக் கழற்றி வீசிவிட்டு ஒயரை நேராகக் கொடுத்திருப்பவர்கள் ஒரே டிரான்ஸ்பார்மரில் நாலைந்து பேராவது இருப்பார்கள். ஆகவே காலையில் ஒரு பேஸ் போனால், மாலையில் மெக்கானிக்கின் போன் ஓயாது. மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை 9 முதல் மாலை 5 வரை மின்சாரம் நிறுத்தும் நாளிலும் இதே கதைதான். பகல் முழுக்க ஒரு போன் வராது. ஐந்தடித்துக் கரண்ட் வந்ததும் ஊரே சுவிட்சைப் போடும், ஓடாத மோட்டார்கள் அனைத்தும் ஒரே நிமிடத்தில் தெரியவரும்.

கணிதத்தில் ‘ஊர்சுற்றும் பழுதாளர் சிக்கல்’ என்று உண்மையாகவே ஒன்று இருக்கிறது. ஊர்சுற்றும் விற்பனையாளரின் சிக்கலில் அவருடைய கால்வலியைக் குறைக்க வழி தேடுவார்கள்; பழுதாளர் சிக்கலில் காத்திருப்பவர்கள் எல்லாருடைய காத்திருப்பையும் கூட்டி, அந்தக் கூட்டுத்தொகையைக் குறைக்கப் பார்ப்பார்கள். பொதுவாக இது படு சிக்கலான கணக்கு. ஆனால் வீடுகள் எல்லாம் ஒரே நேர்கோட்டில் இருந்துவிட்டால் எளிதாகத் தீரும் என்று 1986-இல் நிறுவியிருக்கிறார்கள். திருமங்கலம்–கொல்லம் நெடுஞ்சாலையை ஒட்டிக் குடியிருப்பவர் வீட்டுக்கு மெக்கானிக் சீக்கிரம் வருவதும், மலையடிவாரத் தோப்புக்காரர் காத்துக் கிடப்பதும் ஏன் என்பது இதனால் விளங்கும். பழுது பார்க்க ஆகும் நேரம் பூஜ்யம் என்று அந்தக் கணக்கில் வைத்துக்கொள்கிறார்கள். கணித மேதைகள் யாரும் 400 அடியிலிருந்து மோட்டார் தூக்கியதில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டா.

400 அடி என்றால் 20 அடி நீளத்தில் 20 பைப். முக்காலி நட்டு, செயின் பிளாக்கைத் தொங்கவிட்டு, ஒவ்வொரு பைப்பாக மேலே இழுத்து, கிளாம்ப் போட்டு நிறுத்தி, மரையைக் கழற்றிச் சாய்க்க வேண்டும். கிளாம்ப் நழுவினால் மோட்டார் பாதாளத்துக்குப் போய்விடும். தனியாளாகச் செய்யக்கூடிய வேலையல்ல. மெக்கானிக்குக்கு மூன்று கையாட்கள் வேண்டும். நம் ஆய்வின் தலையாய கண்டுபிடிப்பு இங்கேதான் வருகிறது: அந்த மூவரும் வேறு இடத்தில் வேலை பார்ப்பவர்கள்.

1936-இல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கிய காலம்தொட்டு, இந்தப் பக்கத்தில் பல வீடுகளில் சாப்பாட்டு நேரத்தை வகுப்பது நூற்பாலைகளின் ஷிப்ட்தான். கையாட்களில் ஒருவர் மில்லில் ஸ்பின்னிங். இந்த வாரம் பகல் ஷிப்ட் என்றால் அடுத்த வாரம் நைட். இன்னொருவர் சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி ஓட்டும் தறிக்காரர். மூன்றாமவருக்கு நூறு நாள் வேலை. நைட் முடித்து வந்தவர் தூங்கி எழ வேண்டும், தறிக்காரருக்குப் பாவு தீர வேண்டும், மூன்றாமவர் காலை வருகைப் போட்டோவுக்கு மட்டுமன்றி மதியப் போட்டோவுக்கும் நின்றாக வேண்டும். இம்மூன்றும் கூடும் இடைவெளியே மெக்கானிக்கின் வேலைநேரம். அவருக்கென்று ஷிப்ட் கிடையாது. பிறருடைய ஷிப்டுகளில் மிஞ்சிய நேரத்தில்தான் அவர் தொழில் நடக்கிறது. மில்லில் ரிலீவர் ஒருவர் வராமல், “டபுள் பாரு” என்று நம் கையாளை நிறுத்திவிட்டால், அதே நாளில் வன்னியம்பட்டியில் ஒரு தொட்டி நிரம்பாது. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வரம்பு கட்டியது. மில்லை விட்டு வந்து கிளாம்ப் பிடிக்கும் மணிநேரத்தை எந்தப் பதிவேடும் எண்ணுவதில்லை.

பேருந்து ஜன்னல் வழியே துண்டு போட்டு இடம் பிடிப்பதுபோல, மெக்கானிக் போகிற வீட்டிலெல்லாம் ஒரு சாமானை விட்டுவிட்டு வருகிறார். “சாமான் ஒங்க வீட்லதான அண்ணாச்சி கெடக்கு, வராம எங்க போயிருவேன்?” என்று கேட்டால் பதில் சொல்ல முடியாது. வேலை தொடங்கிவிட்டது, ஆகவே இன்னொரு மெக்கானிக்கைக் கூப்பிடுவது தொழில் மரியாதைக்கு இழுக்கு. எந்தச் சாமான் கிடக்கிறது என்பதைக் கொண்டு வரவைக் கணிக்கலாம் என்பது இவ்வாய்வாளரின் துணிபு. கொய்யா மரத்தடியில் வடக்கயிறு மட்டும் சுருண்டு கிடந்து அதில் கோழி அடைகாத்தால், இந்த வாரத்தை மறந்துவிடலாம். முக்காலி நட்டிருந்தால் கையாளுக்கு ஷிப்ட் மாறியதும் வருவார். பைப் ரிஞ்சு கிடந்தால் அடுத்த நாளே வருவார், ஏனென்றால் அதில்லாமல் வேறெங்கும் வேலை ஓடாது. வைண்டிங்கைச் சோதிக்கும் மெகர் மீட்டரை வைத்துவிட்டுப் போனாரென்றால் டீ குடிக்கத்தான் போயிருக்கிறார். மெகரை யார் வீட்டிலும் அவர் இரவு தங்கவிட்டதாகச் சான்றில்லை.

அவருடைய போனும் ஓர் அரிய ஆவணமே. அதில் மனிதர் பெயர்களே கிடையா. ‘தோப்பு 7 எச்பி’, ‘பள்ளிக்கூடம் பின்னால சிங்கிள் பேஸ்’, ‘கத்துற வீடு’ என்று மோட்டாரும் குணமும்தான் பதிவாகியிருக்கின்றன. ‘கத்துற வீடு’ அழைத்தால் மணி நிற்கும்வரை பார்த்துக்கொண்டே இருப்பார். கத்துவதால் வரவு விரைவதில்லை என்பது இதனால் பெறப்படும். ஆனால் அந்த வீட்டு ஆச்சி கூப்பிட்டு, “கொடத்தத் தூக்க முடியலப்பா” என்றால் அன்றிரவே டார்ச்சோடு வந்துவிடுவார்.

பஞ்சாங்கத்தைச் சுருக்கமாகப் பார்த்து நகர்வோம். திங்கட்கிழமை 7.30 முதல் 9 வரை ராகுகாலம், 10.30 முதல் 12 வரை எமகண்டம்; இரண்டுக்கும் நடுவே புது மோட்டார் இறக்கிவிட வேண்டும் என்பார் வீட்டுக்காரர். ஆடி மாதம் மெக்கானிக்கைத் தேடுவதே வீண்: அமாவாசைக்குச் சதுரகிரி, பூரத்துக்கு ஆண்டாள் தேர், கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடி.

ஆப் ஒன்று வந்தால் எல்லாம் சரியாகும் என்பர் ஒருசாரார். பெருநகரங்களில் பத்திலிருந்து பன்னிரண்டுக்குள் என்று நேரத்தைக் கட்டம் கட்டமாகக் காட்டுகிறார்களே, அப்படி. அக்கட்டத்தை நிரப்ப மெக்கானிக் நாளைக்கு எப்போது ஓய்வு என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும். அவரால் அது முடியாது. நாளைக்கு ரிலீவர் வருவாரா என்பது மில் மேஸ்திரிக்கே நாளைக்குத்தான் தெரியும். ஆப் வேண்டுமென்றால் முதலில் மில்லின் ஷிப்ட் பட்டியலை அதில் ஏற்ற வேண்டும், பிறகு தறியில் பாவு எத்தனை மீட்டர் மிச்சம் என்பதை.

தேங்காய் வெட்டுகிறவரையும் இவ்வாய்வில் சேர்க்க எண்ணியிருந்தோம். அவருக்கு மரமே முறை வைத்திருக்கிறது. ஏறத்தாழ 45 நாளுக்கு ஒரு வெட்டு. சொன்ன நாளில் அரிவாளோடு வந்து நிற்கிறார். ஆராய அதில் ஒன்றுமில்லை என்பதால் விட்டுவிட்டோம்.