முதல் கியரை விற்றவன்

பசறைக்கு அப்பால் ஒரு தோட்டப் பாடசாலையில் நான் கணிதம் படிப்பிக்கிறேன். இதை நானே முதலில் சொல்லிவிடுகிறேன். கதையின் நடுவில் வேறு யாராவது எடுத்துச் சொன்னால் வெட்கம் இன்னும் கூடும்.

என்னிடம் ஒரு லேண்ட் ரோவர் இருக்கிறது. சீரிஸ் 3, குட்டைச் சேசி, 2286 சிசி டீசல். புதிதாக வந்தபோது 62 குதிரைவலு என்று கம்பனி எழுதி வைத்தது. அதில் எத்தனை குதிரை இன்னும் உயிரோடு இருக்கிறது என்று நான் விசாரிப்பதில்லை. ஏதோ ஒரு காலத்தில் ஒரு பெரிய தொரையின் பங்களா வாசலில் நின்ற வண்டி அது. தொரைமார் டபுள் கெப்புக்கு மாறிய பிறகு பல கை மாறி என் கைக்கு வந்தது. காலையில் பதுளையிலிருந்து புறப்படும்போது பின் பெஞ்சில் தமிழ் டீச்சரும் விஞ்ஞான டீச்சரும் இருப்பார்கள், வழியில் இன்னும் இரண்டொருவர் ஏறுவார்கள். ஞாயிற்றுக்கிழமை சேற்றில் இறக்கி விளையாடிவிட்டு மூடி வைக்கிற வண்டியல்ல. அது ஓடினால்தான் முதலாம் பாடம் நடக்கும்.

அந்த வண்டிக்கு உரிய டயர் 6.00-16. நிறுத்தி அளந்தால் உயரம் ஏறத்தாழ 28.5 அங்குலம். எனக்கு 7.50-16 வேண்டும் என்று ஆசை வந்தது. சின்ன லொறிகளுக்குப் போடுகிற அளவு, சுமார் 31.8 அங்குலம் இருக்கும், பதுளையிலேயே கிடைக்கும். மேல் டிவிஷன் ரோட்டில் கல் அக்சில் நடுவிலுள்ள டிஃப்பில் அடிக்கிறது, அதனால்தான் மாற்றுகிறேன் என்று வீட்டில் சொன்னேன். பெரிய டயர் போட்ட லேண்ட் ரோவர் பார்வைக்கு எப்படி நிற்கும் என்பதைப் பற்றி வீட்டில் பேசவில்லை. கணக்குப் பார்த்தால், டயரின் உயரம் எவ்வளவு கூடினாலும் அக்சில் அதில் பாதிதான் உயரும். ஒன்றரை அங்குலத்துக்குச் சற்று மேல். இனி வரும் கதை முழுவதும் அந்த ஒன்றரை அங்குலத்துக்காக நடந்தது.

டயர் பெரிதானால் டிஃப்பின் பல் விகித எண்ணும் பெரிதாக வேண்டும் என்பது எனக்குத் தெரியும். பெரிய வீல் ஒரு சுற்றில் கூடுதல் தூரம் போகும். அதே பாரத்தை அதே பலத்தோடு இழுக்க, வீலின் ஒரு சுற்றுக்கு எஞ்சின் வழக்கத்தைவிடக் கூடச் சுற்ற வேண்டும். பழைய எண்ணைப் புது டயரின் உயரத்தால் பெருக்கி, பழைய டயரின் உயரத்தால் வகுத்தால் தேவையான எண் வரும். ஹைலக்ஸ்காரர் 29 அங்குலத்திலிருந்து 31 அங்குலத்துக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவருடைய 4.1 ஏறத்தாழ 4.4 ஆக வேண்டும், பக்கத்தில் 4.3 கிடைக்கும், போட்டுக்கொண்டு போய்விடலாம். நேர்விகித சமன். வருடாவருடம் கரும்பலகையில் எழுதுகிற பாடம்.

பழைய எண் என்னவென்று தெரிய வேண்டுமே. அதற்கு டிஃப்பைக் கழற்றத் தேவையில்லை. கியரை நியூட்ரலில் விட்டு, வண்டியைத் தூக்கி, வீலை ஒரு சுற்றுச் சுற்றினால் புரொப்பெலர் சாஃப்ட் எத்தனை சுற்றுச் சுற்றுகிறதோ அதுதான் எண். டயரில் ஒரு கோடு, சாஃப்டில் ஒரு கோடு, இரண்டும் பாடசாலை வெண்கட்டியால் போட்டேன். இந்த வண்டியில் கைப்பிரேக் சாஃப்டைத்தான் பிடிக்கும் என்பதால் அதை விட்டுவிட்டு, முன் வீல்களுக்குக் கல் அணை வைத்தேன். அந்த அளவுக்கு விவரம் தெரிந்தவன்தான். ஜாக் ஒன்றுதான் இருந்தது. ஒரு பக்க வீலைத் தூக்கிச் சுற்றினேன். சாஃப்ட் இரண்டு முழுச் சுற்றுப் போய், மூன்றாவதில் மூன்றிலொரு பங்கைச் சற்றுத் தாண்டி நின்றது. 2.35 என்று கொப்பியில் எழுதிக்கொண்டேன்.

சந்தேகம் தீர்க்கக் கைநூலைப் புரட்டினேன். விவரப் பட்டியலில் 2.35 என்று அச்சில் அப்படியே இருந்தது. அது டிரான்ஸ்ஃபர் பெட்டியின் லோ கியருக்கு உரிய எண். வரியின் இடப்பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று நான் பார்க்கவில்லை. விடை சரியாக இருந்தால் கேள்வியைப் படிக்காத மாணவர்களை நான் எத்தனையோ முறை கடிந்துகொண்டிருக்கிறேன்.

2.35 ஐ 31.8 ஆல் பெருக்கி 28.5 ஆல் வகுத்தால் 2.62. அந்தக் கடதாசியோடு கொழும்புக்குப் போனேன். பஞ்சிகாவத்தையில் ஒரு கடையில் ரேஞ்ச் ரோவரிலிருந்து கழற்றிய ஒரு சோடி இருந்தது. எண் 3.54. முன்னுக்கும் பின்னுக்கும் ஒரே எண்தான் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் நாலு வீலும் சேர்ந்து இழுக்கும்போது ஒன்றையொன்று முறுக்கும். அதனால் சோடியாகக் கிடைத்ததே பாக்கியம் என்று நினைத்தேன். 2.62 தேவைப்படுகிற இடத்தில் 3.54 வந்தால் பலம் தாராளமாக இருக்குமே என்றும் கணக்குப் போட்டேன். கடைக்காரர் சாமானைச் சாக்கில் சுற்றிக்கொண்டே, "சேர் எக்ஸ்பிரஸ்வேயில ஓடுறதுக்கா?" என்று கேட்டார். என் ஊரைப் பற்றி இவருக்கு என்ன தெரியும் என்று சிரித்துவைத்தேன்.

ரோவர் டிஃப்பில் ஒரு வசதி உண்டு, அதுவே ஆபத்தும். பினியன் என்கிற சின்னப் பல்சக்கரமும் கிரௌன் வீல் என்கிற பெரியதும் சேர்ந்து ஒரே துண்டாகக் கழன்று வரும். அரைச் சாஃப்டுகளை இழுத்துவிட்டு நட்டைக் கழற்றினால் பழையது வெளியே, புதியது உள்ளே. வில்லிஸ் வழி வந்த ஜீப்பாக இருந்தால் அக்சிலுக்குள்ளேயே தகடு தகடாக வைத்து, பல்லுக்குச் சாயம் தடவி, பொருத்தம் பார்த்து முடிப்பதற்குள் நாள் கடந்துவிடும். அதற்குள் யாருக்காவது புத்தி வந்தும் இருக்கலாம். எனக்கு அந்த அவகாசம் கிடைக்கவில்லை.

கராஜ் பாஸ் இரண்டு டிஃப்பையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பழைய பினியன்ல பத்துப் பல்லு. இதுல பதிமூணு இருக்குதுங்களே சேர். ஓடும். ஏறுமா?"

"எண்ணிப் பார்த்தாச்சு பாஸ்" என்றேன்.

பத்துப் பல் என்று கேட்டவுடன் கிரௌன் வீலின் பல்லையும் எண்ணி வகுத்திருக்கலாம். 47 ஐப் பத்தால் வகுக்கக் கடதாசிகூட வேண்டாம்.

மறுநாள் காலையே பசறைப் பாதையின் முதல் ஏற்றத்தில் வண்டி மூன்றாம் கியரைத் துப்பியது. இரண்டில் போட்டேன், இருமியது. முதலாம் கியரில் ஏறியது, ஆனால் ஒரு கொண்டை ஊசி வளைவில் எதிரே வந்த பஸ்ஸுக்காக நின்றுவிட்டுத் திரும்ப எடுக்கும்போது கிளட்ச் புகைந்தது. டீச்சர்மார் இறங்கி நடந்தார்கள். எங்களை ஒரு த்ரீவீலர் முந்திக்கொண்டு போனது, அதற்குள்ளிருந்து என் மாணவன் ஒருவன் எழுந்து நின்று குட்மோர்னிங் சொன்னான். லோ கியரில் போட்டு ஏறியிருக்கலாமே என்பீர்கள். இந்த வண்டியில் லோ போட்டால் முன் அக்சிலும் தானாகச் சேர்ந்துகொள்ளும். காய்ந்த தார் ரோட்டில் வளைவுக்கு வளைவு அது முறுக்கிக்கொண்டு நிற்கும். சேற்றுக்கு நல்லது, பசறைக்கு ஆகாது.

ஏற்றத்தைக்கூடச் சமாளிக்கலாம். தோட்ட ரோட்டில் இறங்குவதுதான் பயம். முன்பெல்லாம் லோ முதலாம் கியரில் விட்டுக் காலை எடுத்துவிட்டால் வண்டி தானே அடி அடியாக இறங்கும், கொழுந்துச் சாக்கோடு இறங்குகிற அக்காமார் எங்களைத் தாண்டிப் போவார்கள். இப்போது நாங்கள் அவர்களைத் தாண்டினோம், பிரேக் ட்ரம் தீய்கிற வாசனையோடு.

அந்த நாட்களில் புது எஞ்சினை இழுத்துப் பழக்க வேண்டும் என்பது போலப் புது டிஃப்பையும் பழக்க வேண்டும் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். ஏற்கெனவே ரேஞ்ச் ரோவரில் ஓடிப் பழகிய சோடிக்கு அது தேவையே இல்லை.

டீசல் கணக்கு அடுத்தது. 2022 இல் கியூஆர் அட்டை வந்து, தொடக்கத்தில் காருக்கு வாரம் 20 லீற்றர், மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றர் என்று அளந்து ஊற்றினார்களே, அப்போதிருந்து ஒரு கொப்பியில் லீற்றருக்கு எத்தனை கிலோமீற்றர் என்று எழுதிவருகிற பழக்கம் எனக்கு உண்டு. டிஃப் மாற்றிய பிறகு அந்த எண் மூன்றிலொரு பங்கு விழுந்துவிட்டது. பம்பில் கோளாறு என்று தீர்மானித்தேன். இன்ஜெக்டர் பம்பைக் கழற்றிக் கொடுத்து, காசு கட்டி, சோதித்து வாங்கினேன். பம்பில் ஒரு பிழையும் இல்லை என்றார்கள். சோதித்தவர்களுக்குத் தொழில் தெரியாது என்று பாடசாலை ஓய்வறையில் சொன்னேன். அதிபர் தேநீரைக் குடித்தபடி தலையை ஆட்டினார். அவர் எதற்கும் அப்படித்தான் ஆட்டுவார்.

உண்மையை வெளியே கொண்டுவந்தவன் கராஜில் வேலை பழகும் பொடியன். கிரீஸ் அடிக்க வண்டியைத் தூக்கியிருந்தபோது, நான் எண்ணிய விதத்தைப் பெருமையாக அவனுக்கு விளக்கினேன். அவன் கேட்டான்: "சேர், ரெண்டு வீலையும் தூக்கினீங்களா?"

டிஃப் என்ற சாமானின் வேலையே வளைவில் இரண்டு வீலும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற இடம் கொடுப்பதுதான். கிரௌன் வீல் சுற்றுவது இரு வீல்களின் சராசரியளவு. ஒன்று நிலத்தில் அசையாமல் நின்று மற்றது ஒரு சுற்றுச் சுற்றினால் சராசரி அரை. நான் எண்ணியது அரைச் சுற்றுக்கு. என் வண்டியின் எண் 4.7. தேவையான எண் 2.62 அல்ல, 5.24. நான் பெரிது என்று நம்பி வாங்கிப் போட்டது 3.54. நேர்விகித சமன் தெரிந்தவன் சராசரியில் கோட்டைவிட்டேன்.

அன்றிரவு வீட்டில் உட்கார்ந்து கைநூலை இடப்பக்கத்திலிருந்து படித்தேன். கியர் பெட்டியின் எண்கள் 3.68, 2.22, 1.50, 1. டயரும் டிஃப்பும் ஒரே திசையில் இழுத்ததில், புதிய நான்காம் கியர் ஊவாவில் எங்குமே போட முடியாத ஒன்றாகிவிட்டது. புதிய மூன்று அநேகமாகப் பழைய நான்கு. புதிய இரண்டு அச்சொட்டாகப் பழைய மூன்று. புதிய முதலாம் கியர் பழைய இரண்டைவிட ஒரு பிடி மேல். அதாவது, நான் பஞ்சிகாவத்தைக்குப் போய் என் முதலாம் கியரை விற்றுவிட்டு, மேலே ஒரு நான்காம் கியரைக் காசு கொடுத்து வாங்கி வந்திருக்கிறேன். முன்பு டொப் கியரில் எஞ்சின் நிமிடத்துக்கு 2000 சுற்றும்போது வண்டி 50 கிலோமீற்றரில் போகும். இப்போது அதே சுற்றில் 75. பதுளைக்கும் பசறைக்கும் இடையில் 75 இல் போகிறவன் மறுநாள் கதை எழுத இருக்கமாட்டான்.

பம்பின் மர்மமும் அந்தப் பக்கத்திலேயே தீர்ந்தது. மீற்றருக்கான கம்பி டிரான்ஸ்ஃபர் பெட்டியின் பின்புறத்திலிருந்து போகிறது. அதற்குப் பிறகு மாறிய டிஃப்பையும் டயரையும் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. நான் 148 கிலோமீற்றர் போனால் அது 100 என்று எழுதும். ஊசி 40 காட்டினால் வண்டி 59 இல் போகிறது. டீசல் கூடக் குடிக்கவில்லை, தூரம்தான் குறைந்து பதிவாகியிருக்கிறது. ஓய்வறையில் இதை நான் திருத்திச் சொல்லவில்லை.

மலையேறுகிற வண்டிக்குக் காற்றும் எதிரி என்பதை இங்கே சொல்ல வேண்டும். டர்போ இல்லாத எஞ்சின் நூறு மீற்றர் உயரத்துக்குச் சுமார் ஒரு வீதம் பலம் இழக்கும். பதுளை ஏறத்தாழ 680 மீற்றரில் இருக்கிறது, அப்புத்தளை 1400 ஐத் தாண்டியது. என் 62 குதிரையில் அங்கே எட்டொன்பது குதிரை மூச்சு வாங்கிப் படுத்துவிடும். சரிவுக்கு மதிப்புக் கொடுக்கத் தெரிந்தவர்கள் இந்தப் பக்கத்தில் இருந்திருக்கிறார்கள். 1924 இல் பதுளைக்கு ரயில் வந்து சேர்ந்தபோது, மலைநாட்டுப் பாதையில் 44 அடிக்கு ஓரடிக்கு மேல் ஏறக்கூடாது என்று கட்டுப்பாடு வைத்திருந்தார்கள். தெமோதரையில் அதற்கு இடம் போதவில்லை. எஞ்சினை முறுக்காமல் பாதையை மலையைச் சுற்றி வளைத்து, ஸ்டேஷனுக்கு அடியிலேயே சுரங்கமாகக் கொண்டுபோனார்கள். கங்காணி ஒருவர் தலைப்பாகையை அவிழ்த்துச் சுற்றியதைப் பார்த்துத்தான் அந்த யோசனை பிறந்தது என்று ஊரில் ஒரு கதை. அந்தக் கங்காணி என் கூட பஞ்சிகாவத்தைக்கு வந்திருந்தால் தேவலை.

4.7 ஐத் திரும்பப் போட்டேன். பாஸ் பழைய சோடியை எண்ணெய் பூசி ஒரு மூலையில் வைத்திருந்தார், திரும்பக் கேட்பேன் என்று தெரிந்ததுபோல. கூலியைக் கேட்டு வாங்கினார், வேறு ஒன்றும் சொல்லவில்லை. டயரை மாற்றவில்லை, அதில் எனக்கு ரோஷம் இருந்தது. கணக்குப்படி 5.24 வேண்டிய இடத்தில் 4.7 இருப்பதால் வண்டி முன்னைவிடச் சற்று மந்தம்தான், ஆனால் ஏறுகிறது. பிறகுதான் கவனித்தேன்: நெட்டைச் சேசி லேண்ட் ரோவரைக் கம்பனியே 7.50-16 டயரும் 4.7 உம் போட்டுத்தான் விற்றது. நான் தேடிய விடையை அவர்கள் வண்டியாகவே செய்து ரோட்டில் விட்டிருந்தார்கள். பதுளை நகரில் ஒன்று தினமும் எங்கள் வீட்டைத் தாண்டிப் போகும்.

அகலமான டயர் முழு வெட்டில் முன் ஸ்பிரிங்கில் உரசுகிறது. ஸ்டீயரிங் நிறுத்தியைச் சற்று வெளியே திருகினால் போதும். வளைவில் சத்தம் வந்தால் டீச்சர்மாரிடம் அது வேறொரு சத்தம் என்று சொல்கிறேன்.

3.54 சோடி சில காலம் விறகுக் கொட்டிலில் கிடந்தது. மொனராகலையிலிருந்து ஒருவர் தேடி வந்தார். அவருடையதும் குட்டைச் சேசிதான், ஆனால் சின்ன டயர், வெல்லவாயப் பக்கம் நேரான ரோட்டில் ஓட்டம். அவருக்கு இது பொருத்தமான சாமான், அதை அவரிடம் மனதாரச் சொன்னேன். அவர் என்னை நம்பவில்லை. குந்தி உட்கார்ந்து கிரௌன் வீலின் பல்லை விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினார், நாற்பத்தாறு. பினியனைப் பதிமூன்று என்றார். போனை எடுத்து வகுத்துப் பார்த்தார். பிறகு விலை பேசினோம். நான் கொடுத்ததில் சரி பாதி சொன்னார்.

ஏற்றிவிட்டேன்.