வாத்தியார் பல்லுக்குக் கம்பி

கோணலை நிமிர்த்துகிற விஷயத்தில் மதுரைக்காரர்களுக்குப் பொறுமை கிடையாது. ஏழாம் நூற்றாண்டிலேயே எங்களைக் கெடுத்துவிட்டார்கள். பாண்டியன் ஒருவனுக்குக் கூன் விழுந்திருந்தது. மங்கையர்க்கரசியார் சம்பந்தரை வரவழைத்தார். வெப்பு நோய் தீர்ந்தது, வாது நடந்தது, பதிகம் பாடி முடிப்பதற்குள் கூன் பாண்டியன் நின்றசீர் நெடுமாறன் ஆகிவிட்டான். எக்ஸ்ரே கிடையாது, ‘அடுத்த மாசம் வாங்க’ கிடையாது. அப்படிப்பட்ட ஊரில் பிறந்தவனிடம், “பல்லு நேராக ஒன்றரை வருஷத்துல இருந்து ரெண்டு வருஷம் ஆகும் சார்” என்று சொன்னால் மனசு கேட்குமா?

சொன்னவர் அண்ணா நகரில் கிளினிக் வைத்திருக்கும் பல் சீரமைப்பு டாக்டர். சின்ன வயசுப் பெண். சொன்னது எனக்காக அல்ல, ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் என் மகளுக்காக. அவளுக்கு மேல்வரிசையில் இரண்டு பல் ஒன்றின் முதுகில் ஒன்று ஏறி உட்கார்ந்திருந்தன. “தாடை அம்மா மாதிரி சின்னது, பல்லு அப்பா மாதிரி பெரிசு. இடம் பத்தலை” என்றார் டாக்டர். எங்கள் கல்யாணத்துக்கு ஜோசியர் பத்துப் பொருத்தமும் பார்த்தார். தாடைப் பொருத்தம் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

மகள் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “அப்பா போட்டா நானும் போடுறேன்” என்றாள். நான் வாய்விட்டுச் சிரித்தேன். டாக்டர் சிரிக்கவில்லை, என் பல்லையே பார்த்துக்கொண்டிருந்தார். “சார், நீங்களும் அந்த நாற்காலியில உட்காருங்களேன்.”

எனக்கு எடுப்புப் பல் என்பது தெருவே அறிந்த சேதி. மழை வந்தால் முதலில் நனைவது என் பல்தான் என்று கூடப்படித்தவர்கள் வானிலை அறிக்கை வாசிப்பார்கள். யாரும் அறியாத சேதி ஒன்றை டாக்டர் சொன்னார். கீழ்வரிசை முன்பற்கள் மேலே அண்ணத்தில் போய் முட்டி முட்டி, மேல்பல்லுக்குப் பின்னால் ஈறு புண்ணாகிக் கிடக்கிறதாம். “நாற்பது தாண்டினவனுக்குக் கம்பியா?” என்று கேட்டேன். “ஈறும் எலும்பும் நல்லா இருந்தா வயசு ஒரு கணக்கே இல்லை சார். கொஞ்சம் மெதுவா நகரும், அவ்வளவுதான்.” அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழாசிரியர் நான். மெதுவாக நகர்வது எனக்குப் புதிதில்லை.

முதல் வேலை அச்சு எடுப்பது. லாடம் வடிவத் தட்டில் ரோஸ் கலர் மாவைக் குழைத்து வாய்க்குள் அழுத்திவிட்டு, “மூக்கால மூச்சு விடுங்க” என்பார்கள். மூக்கு என்று ஒன்று இருப்பதே அப்போது மறந்துபோகும். அந்த மாவில் இருப்பது அல்ஜினேட், பழுப்பு நிறக் கடற்பாசியிலிருந்து எடுப்பது. இராமநாதபுரம் கடற்கரையில் பெண்கள் கண்ணாடி மாட்டி, மூச்சைப் பிடித்து முங்கிப் பறித்து வருகிற பாசிகளில் இந்த ரகமும் உண்டு. முன்பு இந்த வேலைக்கு அகர் என்கிற இன்னொரு பாசிச் சரக்கைப் பயன்படுத்தினார்கள். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானிலிருந்து அகர் வருவது நின்றதும் அல்ஜினேட்டுக்கு மாறினார்கள். அகர் என்பது நாம் கடையில் கடல்பாசி என்று கேட்டு வாங்குவதுதான். நம் ஊர் ஜிகர்தண்டா தம்ளரில் சில கடைகளில் வழுக்கிக்கொண்டு கிடப்பதும் அதுவே. பங்காளி வீட்டுச் சரக்கு, குமட்டாதே என்று தொண்டைக்கு எடுத்துச் சொல்லிப் பார்த்தேன். வாத்தியார் பேச்சைக் கேட்கிற தொண்டையா அது?

பிறகு எக்ஸ்ரே. தாடை முழுவதையும் விரித்துக் காட்டுவது ஒன்று, தலையைப் பக்கவாட்டில் எடுப்பது இன்னொன்று. கோடு போட்டு, கோணம் அளந்து, தீர்ப்பு வந்தது. மகளுக்கு மேலும் கீழுமாக நாலு, எனக்கு மேலே மட்டும் ரெண்டு. எல்லாமே கோரைப்பல்லுக்கு அடுத்து நிற்கிற முன்கடைவாய்ப் பற்கள். எடுத்தால்தான் மற்றவை பின்னால் போக இடம் கிடைக்கும்.

அம்மா கொதித்துவிட்டார். “சொத்தையே இல்லாத பல்லைப் போயிப் பிடுங்குவாய்ங்களா? மேல்பல்லுல கைய வச்சா கண்ணு போயிரும்ப்பா!” இந்தப் பயம் தமிழ்நாடு முழுக்க உண்டு. மேல்பல்லுக்கு வருகிற நரம்பு வேறு, பார்வைக்கான நரம்பு வேறு, இரண்டுக்கும் கொடுக்கல் வாங்கல் இல்லை என்று விளக்கினேன். எடுபடவில்லை. என் மனைவிதான் முடித்துவைத்தாள். “போனாப் போகுது அத்தை. அரவிந்த் கண் ஆஸ்பத்திரி அதே அண்ணா நகர்லதான இருக்கு, அப்படியே நடந்து போயிருவாரு.” 1976-ல் டாக்டர் வெங்கடசாமி 11 படுக்கைகளோடு அந்த மருத்துவமனையைத் தொடங்கியபோது இப்படியொரு உபயோகத்தை நினைத்திருக்கமாட்டார்.

ஆனால் அம்மாவின் கட்சிக்கு அமெரிக்காவிலேயே ஒரு பெரிய தலைவர் இருந்தார். எட்வர்ட் ஆங்கிள். கடிக்கும்போது மேல்பல்லும் கீழ்ப்பல்லும் எப்படி உட்காருகின்றன என்று பார்த்து, கோணல்களை 1899-ல் மூன்று வகுப்பாகப் பிரித்தவர். இன்றைக்கும் டாக்டர்கள் அந்த வகுப்பைத்தான் சீட்டில் எழுதுகிறார்கள். (நான் இரண்டாம் வகுப்பு. பி.ஏ.விலும் அதேதான்.) எடுக்காமலே எல்லாப் பல்லையும் வரிசையில் நிறுத்த வேண்டும் என்பது ஆங்கிளின் கொள்கை. அவருடைய மாணவர் சார்லஸ் ட்வீட் குரு சொன்னபடியே செய்துவந்தார். நேராக்கிய பல்லில் பல மறுபடி முன்னால் தள்ளிக்கொண்டு வந்தன. அந்த ஆட்களுக்கே பல்லை எடுத்துவிட்டு இன்னொரு தரம் கம்பி கட்டிக் காட்டினார். கட்சி மாறினார் என்று இரண்டே வார்த்தையில் சொன்னால் தமிழ்நாட்டுக்காரனுக்குப் புரிந்துவிடும். இப்போது ஆளுக்கு ஏற்ற மாதிரி முடிவு செய்கிறார்கள். சிலருக்கு எடுப்பது, சிலருக்கு எடுக்காமலே இடம் பண்ணுவது.

கம்பி கட்டுகிற அன்று மகளும் நானும் அடுத்தடுத்த நாற்காலி. ஒவ்வொரு பல்லிலும் ஒரு பொட்டு நீலக் களிம்பு வைத்தார்கள். பாஸ்பாரிக் அமிலமாம். அரை நிமிஷம் விட்டுக் கழுவி, காற்றடித்துக் காயவைத்ததும் கண்ணாடியில் பார்த்தேன். பல்லின் பளபளப்பு போய் மங்கின வெள்ளையாக இருந்தது. கண்ணுக்குத் தெரியாத அந்தச் சொரசொரப்பில்தான் பசை பிடிக்கிறது. மைக்கேல் புவனோகோர் 1955-ல் கண்டுபிடித்த வித்தை இது. அதற்கு முன்பெல்லாம் ஒவ்வொரு பல்லையும் சுற்றி உலோக வளையம் மாட்டினார்கள். இன்னும் பின்னால் போனால், 1728-ல் பியேர் ஃபோஷார் என்ற பிரெஞ்சுக்காரர் வளைந்த உலோகப் பட்டையில் துளைபோட்டு, பற்களை அதோடு நூலால் கட்டியிருக்கிறார். இப்போது பசை தடவிய குட்டி பிராக்கெட்டைப் பல்லில் ஒட்டி, நீல விளக்கைக் காட்டினால் இறுகிவிடுகிறது. எல்லா பிராக்கெட்டின் நடுக் காடியிலும் ஒரே கம்பியைப் படுக்கவைத்து, பல்லுக்கொரு பொடி ரப்பர் வளையத்தால் கட்டுகிறார்கள்.

அந்த ரப்பரில் கலர் உண்டு. எனக்கு எந்தக் கலர் என்று முடிவுசெய்தவள் மகள். “கறுப்பு, சிவப்பு வேணாம். பச்சையும் வேணாம், இரட்டை இலைம்பாய்ங்க. நீலமும் வேணாம். தேர்தல் டூட்டிக்குப் போற ஆளு நீங்க.” கடைசியில் சாம்பல் கலர் கிடைத்தது. என் வாய்க்குத் தேர்தல் ஆணையமே ஆட்சேபம் சொல்ல முடியாது.

“தேர் மாதிரி வடம் போட்டு இழுக்கிறதுதான சார்?” என்றார் டீக்கடைக்காரர். அவர் சொன்னதில் பாதி சரி. மாசி வீதியில் தேருக்கு ஆள் சேரச் சேர வேகம் கூடும், பல்லுக்கு நேர்மாறு. பல் எலும்போடு நேராக ஒட்டிக்கொண்டு நிற்கவில்லை. வேருக்கும் எலும்புக்கும் நடுவில் ஒரு மில்லிமீட்டரில் கால்வாசிகூட இல்லாத நார்ப்படலம் இருக்கிறது. கம்பி ஒரு பக்கம் தள்ளினால் அந்தப் பக்கத்துப் படலம் நசுங்குகிறது. உடனே எலும்பைக் கரைக்கிற செல்கள் அங்கே வந்து வேலையை ஆரம்பிக்கின்றன. எதிர்ப்பக்கம் படலம் இழுபடுகிறது, அங்கே எலும்பு கட்டுகிற செல்கள் வருகின்றன. முன்னால் இடித்து, பின்னால் கட்டி, பல் மாசத்துக்குச் சுமார் 1 மில்லிமீட்டர் போகும். இதற்கு ஐம்பது, நூறு கிராம் இழுப்பே தாராளம். ஆசைப்பட்டு முரட்டுத்தனமாக இழுத்தால் நசுங்கின இடத்தில் ரத்த ஓட்டம் நின்று, செல்கள் செத்து, பல் நின்ற இடத்திலேயே நின்றுவிடும். வேர் நுனியும் கரைய வாய்ப்புண்டு. தேரை நிறுத்த முட்டுக்கட்டை போட வேண்டும். பல்லை நிறுத்த கூடுதலாகப் பத்துப் பேர் வடம் பிடித்தால் போதும். இதைச் சொன்னதிலிருந்து டீக்கடைக்காரர் என்னிடம் கேள்வி கேட்பதில்லை, டீயை மட்டும் கொடுக்கிறார்.

டீயும் சும்மா இல்லை. முதலில் போடுகிற கம்பி நிக்கலும் டைட்டானியமும் கலந்தது. 1960 வாக்கில் அமெரிக்கக் கடற்படை ஆய்வுக்கூடத்தில் பிறந்து, எழுபதுகளில் அயோவாவின் ஜார்ஜ் ஆண்ட்ரியாசன் மூலம் வாய்க்குள் வந்தது. எப்படி வளைத்தாலும் பழைய வடிவத்துக்கே திரும்பப் பார்க்கும். அந்தப் பிடிவாதம்தான் பல்லை இழுத்துக்கொண்டு போகிறது. இதில் சில ரகம் சூட்டில் விறைக்கும், குளிர்ச்சியில் தளரும். கொதிக்கக் கொதிக்க டீ குடித்தால் பல்லில் சுருக்கென்று பிடிக்கும், ஐஸ் பட்டால் கம்பி சற்று நேரம் விட்டுக்கொடுக்கும். ஆகவே கம்பி கட்டின முதல் ரெண்டு நாள் வலிக்கு ஜிகர்தண்டா சாப்பிடுவது அறிவியல் முறைப்படியான வைத்தியம் என்று வீட்டில் அறிவித்தேன். மகள் வழிமொழிந்தாள். டாக்டர் ஒரே வரியில் தீர்மானத்தைத் தோற்கடித்தார். “ஐஸ் தண்ணி போதும் சார், சீனி பிராக்கெட்டைச் சுத்தித் தங்கிப் பல்லுல வெள்ளை வெள்ளையா அரிச்சிரும்.”

சாப்பாட்டில்தான் உண்மையான துயரம். முறுக்கு, கொய்யா, பொங்கல் கரும்பு எல்லாம் தடை. நல்லி எலும்பைத் தட்டித் தட்டி உறிஞ்சுகிற வீட்டில் நான் எலும்பில்லாத கறியைத் தேடி எடுத்துத் தின்றேன். அம்மா அதைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொள்வார். கீரை சாப்பிட்டுவிட்டுச் சிரித்தால் என்ன கீரை என்று எதிரில் இருப்பவர் சொல்லிவிடலாம். பன் புரோட்டா மட்டும் கைவிடவில்லை. சால்னாவில் ஊறவைத்தால் பல்லே தேவைப்படாத பலகாரம் அது. பொறுமை போய் நான் புலம்பியபோதெல்லாம் மனைவி, “கொஞ்ச நாளைக்குப் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருங்க” என்றாள். கடித்தால் பிராக்கெட் கழன்றுவிடும் என்று அவளுக்கும் தெரியும்.

பள்ளிக்கூடத்தில் முதல் நாள் எனக்கு எழுத்துகளின் பிறப்பு பாடம். பல்லும் உதடும் சேர்ந்தால் ‘வ’ பிறக்கும் என்று தொல்காப்பியரே எழுதிவைத்திருக்கிறார். எனக்கு அந்த எழுத்து சின்ன வயசிலிருந்தே சொத்து, உதடு பல்லைத் தேடிப் போக வேண்டியதில்லை. அன்று ‘வணக்கம்’ என்று ஆரம்பித்ததும் உதடு பிராக்கெட்டில் மாட்டிக்கொண்டது. விடுவிக்க விரலைப் போட்டேன். முன்வரிசையில் இருந்தவன் பதறிப்போய், “சார், குறடு வாங்கிட்டு வரவா?” என்றான். அவன் சிரிக்கவில்லை என்பதுதான் கொடுமை. மத்தியானத்துக்குள் எனக்குக் ‘கிரில் கேட்டு’ என்று பேர் வைத்தாகிவிட்டது.

சித்திரைத் திருவிழாவில் தல்லாகுளத்தில் எதிர்சேவைக் கூட்டத்தில் நிற்கும்போது கடைவாய்க் கம்பி கன்னத்தில் குத்த ஆரம்பித்தது. பல் நகர நகர, கம்பி மிச்சமாகிக் கடைசிப் பல்லுக்குப் பின்னால் நீட்டிக்கொள்ளும். பல் நகர்கிறது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது என்றாலும், அழகர் வருகிற நேரத்திலா சாட்சி சொல்லவேண்டும்? மகள் கைப்பையிலிருந்து டாக்டர் கொடுத்த மெழுகை எடுத்து, பட்டாணி அளவுக்கு உருட்டி, “ஆ காட்டுங்கப்பா” என்று கூட்டத்துக்கு நடுவில் கடைவாயில் அப்பிவிட்டாள். பக்கத்தில் நின்ற பாட்டி ஏதோ பிரசாதம் என்று நினைத்துத் தனக்கும் கையை நீட்டினார்.

மகளுக்குத்தான் முதலில் கழன்றது. எனக்குச் சில மாதம் கழித்து. பளீரென்று வரிசையாக நிற்கிற பல்லைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருக்கும்போதே டாக்டர் அடுத்த பெட்டியைத் திறந்தார். ஈறிலும் படலத்திலும் உள்ள நார்கள் இழுபட்டுக் கிடக்கின்றன, விட்டால் பல்லைப் பழைய இடத்துக்கே கூட்டிக்கொண்டு போய்விடும், புது எலும்பு இறுகவும் நாளாகும். அதனால் ரீடெய்னர். கொஞ்ச மாசத்துக்கு நாள் முழுக்க, அப்புறம் ராத்திரியில். “எத்தனை வருஷத்துக்கு?” என்றேன். “பல்லு நேரா இருக்கணும்னு நீங்க ஆசைப்படுற வரைக்கும் சார்.” சாப்பிடும்போது கழற்றி டப்பாவில் வைக்கவேண்டும், டிஷ்யூவில் சுற்றி இலைப் பக்கத்தில் வைத்தால் இலையோடு போய்விடும் என்றும் எச்சரித்தார்.

இப்போது ராத்திரி எங்கள் வீட்டு அலமாரியில் ஒரு தம்ளர், இரண்டு டப்பா. தம்ளரில் அம்மாவின் பல்செட். டப்பாக்களிலிருந்து எங்களுடையதை எடுத்து நாங்கள் மாட்டிக்கொள்கிற நேரத்தில் அவர் தன்னுடையதைக் கழற்றித் தண்ணீரில் போடுவார். பல்லில்லாத வாயோடு எங்கள் இருவரையும் ஏற இறங்கப் பார்த்துவிட்டு நேற்றுச் சொன்னார்:

“கடைசி வரைக்கும் மாட்டிக் கழட்டணும்னு முன்னாடியே சொல்லியிருந்தா, மொத்தத்தையும் பிடுங்கிட்டு என்னைய மாதிரி செட்டு வாங்கியிருக்கலாம்லப்பா? முறுக்காச்சும் நனைச்சுத் தின்னுருப்ப.”